பில்லில் வந்த ஹாஷ்

“ஏனுங்க, பில்லுல பார்ட்டி பேரு இருக்க வேண்டிய எடத்துல ஒரு சின்னக் குறி மட்டும் வந்திருக்குதுங்க. குறுக்க ரெண்டு கோடு, நெடுக்க ரெண்டு கோடு போட்டாப்பல.”

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையின் கணக்குப்பிள்ளை போனில் இப்படிச் சொன்னபோது காலை மணி ஒன்பதரை. அவர்களுக்கு நான் ரூபி மொழியில் எழுதிக் கொடுத்திருந்த பில்லிங் புரோகிராமில் முந்தைய இரவுதான் ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றிவிட்டுப் படுத்திருந்தேன். இரவோடு இரவாக நூற்றுச் சொச்சம் பில்கள் மின்னஞ்சலில் கிளம்பிப் போய்விட்டன. ஒவ்வொன்றிலும் ‘திரு’ என்பதற்குப் பக்கத்தில் # என்று ஒற்றைக் குறி. அதற்குப் பிறகு வெற்றிடம்.

தப்பு என்னுடையதுதான். டெம்ப்ளேட்டில் ‘வாடிக்கையாளர், புள்ளி, பெயர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் பெயரும் விட்டுப்போய், வெறும் வாடிக்கையாளர் என்ற ஆப்ஜெக்ட் மட்டும் நின்றிருந்தது. ரூபி அதற்கு முகம் சுளிக்கவில்லை. எந்த ஆப்ஜெக்டை எடுத்து எழுத்துக்கு நடுவே வைத்தாலும் அது தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடும். சொல்வதற்கு நாம் எதுவும் கற்றுக்கொடுக்காவிட்டால் ஒரு ஹாஷ் குறி, அதையடுத்து கோணல் அடைப்புக்குறிகளுக்குள் கிளாஸின் பெயர், முக்காற்புள்ளி, நீளமான ஒரு ஹெக்ஸ் எண். அவ்வளவுதான். அது எச்டிஎம்எல் மின்னஞ்சலுக்குள் போனதும், மின்னஞ்சல் செயலி கோணல் அடைப்புக்குறியைப் பார்த்து ஏதோ தெரியாத டேக் என்று நினைத்து மொத்தமாக விழுங்கிவிட்டது. அடைப்புக்கு வெளியே நின்ற ஹாஷ் மட்டும் தப்பியது. ரூபியில் வலைச்செயலி எழுத உதவும் ரெயில்ஸாக இருந்திருந்தால் அந்த அடைப்புக்குறியைத் தானே மாற்றி எழுதி, அசிங்கம் முழுவதையும் அப்படியே காட்டிக்கொடுத்திருக்கும். நான் அப்போது வைத்திருந்தது ரூபியோடு வரும் வெறும் ஈஆர்பி டெம்ப்ளேட். அது அந்த வேலையெல்லாம் செய்யாது.

கணக்குப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா. “அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேங்க” என்றேன். சரியும் பண்ணினேன். ஆனால் அந்த ஹாஷ் என்னைச் சும்மா விடவில்லை. ஒரு ஆப்ஜெக்ட் தன்னைப் பற்றி யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்கு முன் நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

ரூபியில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் இரண்டு வாய் உண்டு. ஒன்று டு_எஸ். மற்றது இன்ஸ்பெக்ட். புட்ஸ் என்று அச்சிட்டால் டு_எஸ் பேசும். ஒரு வாக்கியத்துக்கு நடுவே ஆப்ஜெக்டைச் செருகினாலும் அதுவேதான். பி என்ற ஓரெழுத்து மெத்தடால் அச்சிட்டால் இன்ஸ்பெக்ட் பேசும். ரூபியின் கன்சோலான ஐஆர்பி-யில் ஒரு வரியைத் தட்டி என்டர் அழுத்தினால் அடுத்த வரியில் வந்து விழுவதும் இன்ஸ்பெக்ட் சொன்னதுதான்.

துணிக்கடையில் புடவையில் தொங்கும் சீட்டைக் கவனித்திருப்பீர்கள். விலை எண்ணில் தெளிவாக இருக்கும். ஓரத்தில் நாலைந்து எழுத்துகள், எந்தச் சொல்லிலும் சேராத எழுத்துகள், கிறுக்கியிருக்கும். கடைக்காரர் தமக்குள் வைத்திருக்கும் ஒரு பத்தெழுத்துச் சொல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம். அதைக் கூட்டிப் படித்தால் கொள்முதல் விலை. எண் வாங்க வந்தவருக்கு. எழுத்து, எவ்வளவு இறங்கலாம் என்று பார்க்கும் விற்பனையாளருக்கு. அந்த ஈரோட்டுக் கடையில்தான் இதை முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வாய்க்கும் உள்ள வேறுபாட்டை நேரில் பார்க்க, ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் நில் போதும். நில்லை புட்ஸ் செய்தால் ஒரு வெற்று வரி. வெற்று ஸ்ட்ரிங்கை புட்ஸ் செய்தாலும் அதே வெற்று வரி. பி-யால் அச்சிட்டால் ஒன்று ‘நில்’ என்று பெயர் சொல்லும். மற்றது இரண்டு மேற்கோள் குறிகளை ஒட்டிக் காட்டும். பெயர் பதியாத வாடிக்கையாளரும், பெயர்ப் பெட்டியில் ஒன்றும் தட்டாமல் சேமித்த வாடிக்கையாளரும் பில்லைப் பார்ப்பவருக்கு ஒன்றுதான். நிரலைப் பிரித்துப் பார்ப்பவனுக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள், இரண்டும் வேறு வேறு நோய். மூன்றில் ஒரு பங்கு என்ற ரேஷனல் எண்ணை டு_எஸ் சாய்கோடு போட்டுச் சொல்லும். இன்ஸ்பெக்ட் அதையே அடைப்புக்குள் போட்டு, இது ஒரே எண், வகுக்கப்படக் காத்திருக்கும் இரண்டு எண்கள் என்று நினைத்துவிடாதே என்கிறது. ஸ்ட்ரிங்கின் முடிவில் ஒட்டியிருக்கும் ஓர் இடைவெளி புட்ஸில் தெரியவே தெரியாது. பி-யில் மேற்கோள் குறிக்கு முன்னால் தலையை நீட்டும்.

பி-க்கு இன்னொரு நல்ல குணம். கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஓடுகிற கணக்குக்கு நடுவே நுழைத்தாலும் கணக்கு தடம் மாறாது. புட்ஸ் நில்லைத் திருப்பும். ஒரு மெத்தடின் கடைசி வரியில் ‘சும்மா பார்க்கலாம்’ என்று புட்ஸ் போட்டு, அந்த மெத்தட் நில் கொடுக்க ஆரம்பித்து, இல்லாத பிழையை ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

இத்தனை தெளிவாக இருக்கும் வேறுபாடு எனக்கு ஏன் அத்தனை வருடம் உறைக்கவில்லை? ஒரு பங்கு பழி ரூபிக்கும் உண்டு. நான் பழகிய 1.9-இல் ஒரு கிளாஸுக்கு டு_எஸ் மட்டும் எழுதினால் போதும். இன்ஸ்பெக்டும் சத்தமில்லாமல் அதையே ஒப்பிக்கும். இரண்டு வாயும் ஒரே குரலில் பேசினால் இரண்டு இருப்பது எப்படித் தெரியும். 2013 பிப்ரவரி 24 அன்று 2.0 வந்தது. ‘ரூபி’ என்று அதை உருவாக்கிய யுகிஹிரோ மாட்சுமோட்டோவும் அவர் நண்பரும் பெயர் முடிவு செய்த நாளிலிருந்து சரியாக இருபது வருடம். அந்தப் பதிப்பில் இந்த ஒட்டை அறுத்துவிட்டார்கள். டு_எஸ் எழுதினாலும் இன்ஸ்பெக்ட் தன் வழியில் உள்ளிருக்கும் மாறிகளையெல்லாம் கொட்டும்.

மேம்படுத்திய அன்று என் திரை முழுக்க ஹெக்ஸ் எண்கள். ஒரு ஆர்டரைத் தொட்டால் அதற்குள் வாடிக்கையாளர், அவருக்குள் முகவரி, ஆர்டருக்குள்ளேயே இருபது உருப்படிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மறுபடி அந்த ஆர்டர். (சுற்றிச் சுற்றி வருவதை ரூபி கண்டுகொண்டு மூன்று புள்ளி போட்டு நிறுத்திவிடும், அதுவரைக்கும் பிழைத்தோம்.) எரிச்சலில் எல்லாக் கிளாஸிலும் ஒரு வரி சேர்த்தேன்: இன்ஸ்பெக்ட் என்றால் டு_எஸ் என்றே கொள்க. அலியாஸ். திரை சுத்தமாகிவிட்டது. நான் எழுதிய வரிகளில் எனக்கு மிக அதிகமாகச் செலவு வைத்தது அந்த ஒரு வரிதான்.

வங்கியிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பைப் படித்து, எந்தெந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது என்று குறிக்கும் ஒரு நிரல். ஒரு நாள் பணம் கட்டியவர்கள் எல்லோரும் கட்டாதவர்களாகத் தெரிந்தார்கள். கன்சோலில் பட்டியலைப் பார்க்கிறேன்: ஆர்டர் 412. டேட்டாபேஸிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன்: ஆர்டர் 412. இரண்டும் ஒன்றுதானே, ஏன் பொருந்தவில்லை? மதியச் சாப்பாடு ஆறிப்போனது. சிஎஸ்வி-யிலிருந்து வருவது எல்லாமே ஸ்ட்ரிங். அது நான்கு, ஒன்று, இரண்டு என்ற மூன்று எழுத்துகள். டேட்டாபேஸிலிருந்து வந்தது நானூற்றுப் பன்னிரண்டு என்ற முழு எண். ரூபிக்கு இரண்டும் ஒரு நாளும் சமம் ஆகாது. மேற்கோள் குறி மட்டும் தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அதைத்தான் என் அலியாஸ் துடைத்து வைத்திருந்தது.

அன்று மாலை அலியாஸ்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு ஆர்டருக்கு என் கையாலேயே இன்ஸ்பெக்ட் எழுதினேன். அதிலும் முதல் முறை சறுக்கல். வாக்கியத்துக்கு நடுவே மாறிகளைச் செருகி எழுதினேன், செருகினால் பேசுவது டு_எஸ் என்பதை மறந்து. வெளியே பெயர் இன்ஸ்பெக்ட், உள்ளே பேசுவது அதே பழைய வாய். மேற்கோள் குறி இப்போதும் இல்லை. இன்றும் மற்றவர்கள் எழுதும் இன்ஸ்பெக்டைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: உள்ளே செருகிய ஒவ்வொரு மாறியும் தன் இன்ஸ்பெக்டைக் கூப்பிடுகிறதா? திருத்திய பிறகு வந்த வரி இப்படி இருந்தது:

#<ஆர்டர் எண்="412" நிலை=:நிலுவை உருப்படி=20>

எண்ணைச் சுற்றி மேற்கோள். நிலைக்கு முன்னால் முக்காற்புள்ளி, ஆகவே அது சிம்பல். இருபது உருப்படிகளும் வரிசையாக வரவில்லை, எத்தனை என்று மட்டும். (மாறிகளுக்கும் மெத்தடுகளுக்கும் ரூபியில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கிளாஸுக்கு மட்டும் முடியாது. அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமாம். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது.)

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று என்னைக் கேட்டால் நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டைப் படிக்கிறவன் சந்தேகத்தோடு வந்திருக்கிறான். நடக்கக்கூடாத ஒன்று நடந்திருப்பதால்தான் அவன் அங்கே நிற்கிறான். வேறுபட்ட இரண்டு ஆப்ஜெக்ட்கள் அவன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் என் இன்ஸ்பெக்ட் பொய் சொல்கிறது. டு_எஸ் மறக்கலாம், சுருக்கலாம், மரியாதைக்குச் சிலதை மறைக்கலாம். அதைப் படிப்பவருக்குத் துணி போதும், நூலின் எண்ணிக்கை வேண்டாம்.

ரூபியை உருவாக்குபவர்களும் இந்த அளவுகோலுக்கு மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தார்கள். டைம் கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2.7 வரை அதன் இரண்டு வாயும் நொடி வரைதான் சொல்லின. நொடிக்குக் கீழே உள்ள பின்னம் உள்ளே இருந்தும் வெளியே வராது. ‘எதிர்பார்த்தது பத்தரை மணி, கிடைத்தது பத்தரை மணி, ஆகவே தோல்வி’ என்று சோதனை அறிக்கை வரும். பார்த்தவருக்குப் பைத்தியம் பிடிக்கும். டேட்டாபேஸில் போய்த் திரும்பிய நேரம் பின்னத்தில் சில இலக்கங்களை உதிர்த்துவிட்டு வந்திருக்கும், அவ்வளவே. 2019 டிசம்பரில் வந்த 2.7-இல் இன்ஸ்பெக்டைத் தனியாகப் பிரித்துப் பின்னத்தையும் சொல்ல வைத்தார்கள். டு_எஸ் பழையபடியே விடப்பட்டது. சரியான முடிவு. பில்லில் நானோ நொடி யாருக்கு வேண்டும்.

டேட் இதற்கு நேர் எதிர்க் கோடி. 2001 பிப்ரவரி 3 என்ற தேதியின் இன்ஸ்பெக்டில் அந்தத் தேதியோடு 2451944 என்ற எண்ணும் வரும், 2299161 என்ற எண்ணும் வரும். முதலாவது ஜூலியன் நாள் எண். இரண்டாவது, இத்தாலியில் பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதுக்கு மாறிய 1582 அக்டோபர் 15-இன் எண். ஜவுளிக் கடை பில்லில் பிழை தேடுபவனுக்கு பதினாறாம் நூற்றாண்டு இத்தாலி எதற்கு என்று முன்பெல்லாம் சிரிப்பேன். அந்த மாற்ற நாளை வேறாக வைத்து உருவாக்கிய இன்னொரு தேதி ஆப்ஜெக்ட் பழைய நாள்களுக்கு வேறு விடை தரும் என்று தெரிந்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். அளவுகோல்படி அது சரி.

பிக்டெசிமல்தான் இன்றும் மனசுக்கு ஒட்டாத ஒன்று. காசுக் கணக்குக்கு ஃபுளோட் ஆகாது என்று எல்லோரும் சொல்ல, நாமும் பிக்டெசிமலுக்கு மாறுகிறோம். ஆயிரத்து இருநூற்றைம்பதை டு_எஸ் செய்தால் வருவது 0.125இ4. பத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கிக்கொள் என்று பொருள். ரெயில்ஸுக்குள் இருந்தால் ஆக்டிவ் சப்போர்ட் இதைச் சாதாரண எண்ணாக மாற்றிவிடும். இரவில் தனியாக ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் அது இருக்காது. ‘தங்கள் பாக்கி ரூபாய் 0.125இ4’ என்று ஒருவருக்கு எஸ்எம்எஸ் போனது. அவர் பணத்தைக் கட்டிவிட்டார், எப்படிக் கணக்குப் போட்டாரோ. காட்டுவதற்கென்று இருக்கும் வாய் இப்படி விஞ்ஞானி போலப் பேசுவது எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

இன்ஸ்பெக்ட் நிறையச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அது எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதில் நான் இன்னும் கறார்.

முதலாவது, அது வேலை செய்யக்கூடாது. உள்ளிருப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதோடு சரி. ரெயில்ஸின் டேட்டாபேஸ் பகுதியான ஆக்டிவ் ரெக்கார்டில் ஒரு தேடலை எழுதினால் அது உடனே டேட்டாபேஸுக்குப் போகாது. யாராவது விடையைக் கேட்டால்தான் போகும். ஆனால் கன்சோலில் அதே வரியைத் தட்டினால் உடனே கேள்வி ஓடும், முதல் பத்து வரிசைகள் வந்து விழும். ஐஆர்பி இன்ஸ்பெக்டைக் கூப்பிட்டதால் அந்த இன்ஸ்பெக்ட் பதினொரு வரிசை வரை கேட்டு வாங்கி, பத்தைக் காட்டி, பதினொன்றாவது இருந்தால் மூன்று புள்ளி வைக்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாகச் சேர்பவர்கள் எத்தனை பேர் ‘கன்சோலில் ஓடுகிறது, நிரலில் ஓடவில்லை’ என்று என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்! பார்த்ததால்தான் ஓடியது என்று விளக்குவதற்குள் டீ ஆறிவிடும். என் சொந்தக் கிளாஸ்களில் இந்த வசதியை நான் ஒருபோதும் செய்வதில்லை. அதைவிட மோசம், இன்ஸ்பெக்டே பிழை எறிவது. பாதி உருவான ஆப்ஜெக்டைத்தானே நாம் அதிகம் பார்க்க நேர்கிறது? மாறி இன்னும் நில்லாக இருக்கும்போது அதன் மேல் ஏதாவது மெத்தடைக் கூப்பிட்டால், நோயைப் பார்க்க வந்த டாக்டரே மயங்கி விழுந்த கதை.

அளவுக்கு மீறிப் பேசுவதும் ஆபத்து. இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் வரும் பிழைச் செய்தியில், எந்த ஆப்ஜெக்டின் மேல் கூப்பிட்டாய் என்று காட்ட ரூபி முன்பெல்லாம் அதன் இன்ஸ்பெக்டை வாங்கும். வாங்கியது 65 பைட்டுக்கு மேல் போனால் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கிளாஸ் பெயரையும் ஹெக்ஸ் எண்ணையும் போடும். வாங்கிய பிறகுதான் அளக்கும், அதுதான் கொடுமை. ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஒரு கன்ட்ரோலரில் ஓர் எழுத்துப் பிழை. பக்கம் பிழையைக் காட்டவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். சர்வர் பழுதோ என்று நினைத்து இரண்டு நாள் அலைந்தேன். அவ்வளவு நேரமும் அது கர்மசிரத்தையாக ஒரு பெரிய இன்ஸ்பெக்டைக் கோத்து, கோத்து முடித்ததும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. 2023 டிசம்பரில் வந்த 3.3 இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது.

ரகசியம் என்பது இன்னொரு தலைவலி. நாம் எழுதாவிட்டால் ரூபி தரும் இன்ஸ்பெக்ட் எல்லா இன்ஸ்டன்ஸ் மாறிகளையும் கொட்டும், கடவுச்சொல்லும் மாறிதான். லாகருக்கு ஸ்ட்ரிங் கொடுத்தால் அப்படியே எழுதும், எக்செப்ஷன் கொடுத்தால் செய்தியை எடுத்து எழுதும், வேறு எதைக் கொடுத்தாலும் இன்ஸ்பெக்டைக் கூப்பிட்டு எழுதும். பணப் பரிமாற்றத்துக்கான ஒரு கிளையன்ட் ஆப்ஜெக்டை நான் லாகரிடம் அப்படியே கொடுத்தேன். சாவி லாகில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, நானே பார்த்துவிட்டுச் சாவியை மாற்றினேன். துணிக்கடைச் சீட்டில் கொள்முதல் விலையைப் பத்தெழுத்துச் சொல்லில் மறைக்கத் தெரிந்தவர்கள் அளவுக்குக்கூட எனக்குச் சூதானம் இல்லை. ரெயில்ஸ் 6.0-இலிருந்து ஆக்டிவ் ரெக்கார்டின் இன்ஸ்பெக்டில் மறைக்க வேண்டிய பத்திகளைச் சொல்லிவைக்கலாம். 7.2-இல் புதிதாக உருவாக்கும் செயலிகள் நேரலையில் ஐடி-யை மட்டுமே காட்டும்படி அமைந்து வருகின்றன. 2025 கிறிஸ்துமஸுக்கு வந்த ரூபி 4.0-இல் எந்தெந்த மாறிகளைக் காட்டலாம் என்று ஒரு சின்ன மெத்தடில் பட்டியல் கொடுத்தால் போதும், மற்றதை ரூபி பார்த்துக்கொள்ளும். பதினைந்து வருடம் முன்னாலேயே தந்திருக்கக்கூடாதா.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்ட் சொன்னதை மறுபடி நிரலுக்கே தின்னக் கொடுக்காதீர்கள். 2024 டிசம்பரில் 3.4 வந்தபோது அதில் ஹாஷ் என்னும் தரவு வகையை அச்சிடும் விதம் மாறியது. அம்புக்குறியின் இருபுறமும் இடைவெளி, சிம்பல் சாவிகளுக்கு நாம் கையால் எழுதும் அதே வடிவம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. லாகில் பழைய வடிவத்தை நம்பிக் கத்தரித்துப் படித்துக்கொண்டிருந்த என் ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் அன்றே படுத்துவிட்டது. நியாயமான தண்டனை.

டு_எஸ் பக்கம் வந்தால், பெரும்பாலான கிளாஸுக்கு நான் அதை எழுதுவதே இல்லை. இதில் நண்பர்களோடு எனக்குச் சண்டையும் உண்டு. ஒரு வாடிக்கையாளரை எப்படிக் காட்டுவது? பில்லில் கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும், பார்சலில் பெயர், முகவரி, போன், எஸ்எம்எஸ்ஸில் இடமில்லாததால் பெயரின் முதல் சில எழுத்து, கடைப் பையன் கூப்பிட ‘பவானி பார்ட்டி’. இதில் எது அவருடைய டு_எஸ்? எதை எழுதினாலும் மற்ற மூன்று இடத்திலும் தப்பு. அதனால் பில் வரி, முகவரிச் சீட்டு என்று பெயர் வைத்துத் தனித்தனி மெத்தட்களாக எழுதிவிடுவேன். ரூபாய், மீட்டர், அஞ்சல் குறியீடு போல ஒரே ஒரு இயல்பான வடிவம் உள்ளவற்றுக்கு மட்டும் டு_எஸ். ‘அப்புறம் ஹாஷ் வருமே?’ என்பார்கள். வரட்டும். என் சோதனைகளில், வெளியே போகும் எந்த மின்னஞ்சலிலும் ஹாஷும் கோணல் அடைப்பும் ஒட்டி வந்தால் தோல்வி என்று ஒரு வரி இருக்கிறது. ஈரோட்டுக் காலையில் இருந்து இருக்கிறது. ரஸ்ட் மொழியில் இந்தப் பிரிவை இன்னும் கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள். பிழை தேடும் வடிவத்தைக் கம்பைலரே எழுதித் தரும். காட்டும் வடிவத்தை நீதான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் காட்டவே விடாது. அந்தக் கண்டிப்பைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இன்ஸ்பெக்ட் எப்போதும் காப்பாற்றும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது கொடுமுடியில் முடிந்தது.

கடையின் பழைய வாடிக்கையாளர் பட்டியல் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது, யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தட்டச்சு. அதை மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அந்தக்கால எழுத்துருக்களில் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவார்கள்: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் நகர்த்தினேன், காலை இருந்த இடத்திலேயே விட்டேன். திரையில் அட்டகாசமான ‘கொ’. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, கொடுமுடி என்ற ஊர்ப்பெயரைத் தேடினால் பழைய பார்ட்டிகள் யாரும் வருவதில்லை என்று போன். பொருந்தாத ஜோடிகளை எடுத்து பி-யால் அச்சிட்டேன். மேற்கோளுக்குள் கொடுமுடி. பக்கத்தில் இன்னொரு மேற்கோளுக்குள் கொடுமுடி. இடைவெளி இல்லை, நில் இல்லை, எண் இல்லை. சந்தேகப்படுகிறவனுக்கென்றே இருக்கும் வாய் இரண்டும் ஒன்றுதான் என்கிறது, ரூபியோ சமம் இல்லை என்கிறது.

உண்மையைச் சொன்னது, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டிவிடும் க்ரான். அதே ஸ்கிரிப்டை இரவில் ஓட விட்டிருந்தேன். க்ரானில் மொழி அமைப்பு எதுவும் வைக்காததால் ரூபி தமிழ் எழுத்தை அங்கே நேரடியாக எழுதாமல் பின்சாய்கோடும் குறியெண்களுமாக எழுதியிருந்தது. காலையில் லாகைத் திறந்து, ‘சனியன், படிக்கவே முடியலையே’ என்று திட்டிக்கொண்டே அமைப்பை மாற்றப் போனவன் நின்றுவிட்டேன். மேல் வரியில் எட்டுக் குறியெண்கள். கீழ் வரியில் ஒன்பது.

கன்சோலுக்குப் போய் ‘கொ’-வை மட்டும் வெட்டி எடுத்து அதன் கோட்பாயிண்ட்களைக் கேட்டேன். ஒன்று 2965, 3018. மற்றது 2965, 3014, 3006. முதலாவதில் ஒகரக் குறி முழுசாக ஒரே எண். இரண்டாவதில் கொம்பு தனி, கால் தனி. யூனிகோட் இரண்டையும் ஒரே எழுத்தாகத்தான் கருதுகிறது, எழுத்துருவும் ஒரே மாதிரிதான் வரைகிறது. ஆனால் ரூபி ஸ்ட்ரிங்கை ஒப்பிடுவது பைட்டை வைத்து. 2.2-இலிருந்து இருக்கும் யூனிகோட்_நார்மலைஸ் என்ற மெத்தட் மூன்றாக இருப்பதை இரண்டாக்கிவிடும். சேமிக்கும் இடத்தில் அதைப் போட்டேன். பழையவற்றையும் ஒரு முறை ஓட்டித் திருத்தினேன்.

பி-யைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தமிழைத் தமிழாகக் காட்டியது தப்பா? அதைவிட ஆழமான சந்தேகத்துக்கு ரூபியில் மூன்றாவதாக ஒரு வாய் உண்டு, டம்ப் என்று. ஆஸ்கி அல்லாத ஒவ்வொன்றையும் குறியெண்ணாக உரித்துப் போடும். ‘தமிழ்’ என்ற சொல்லே அதில் ஐந்து எண்களாகிவிடும். தினமும் பார்க்க அது ஆகாது. அதனால் ஊர்ப்பெயரைச் சுமக்கும் கிளாஸின் இன்ஸ்பெக்டில் ஒரே ஒரு எண்ணை மட்டும் சேர்த்தேன், பெயருக்குள் எத்தனை குறியெண் என்று:

#<ஊர் பெயர்="கொடுமுடி"/8>

இப்போது அந்தப் புரோகிராமை ரெயில்ஸில் மாற்றி எழுதியாகிவிட்டது. என்னோடு ஒரு இளைஞனும் வேலை செய்கிறான். வந்த இரண்டாம் வாரம் கேட்டான்.

“அண்ணா, இந்த 8 எதுக்கு? எல்லா ஊருக்கும் பின்னாடி ஒரு நம்பர் வருது. எடுத்துடட்டுமா?”

“இருக்கட்டும் தம்பி.”

“சேவ் பண்ணும்போதே நார்மலைஸ் ஆயிடுதே?”

“ஆயிடுது. இருக்கட்டும்.”

போன மாதம் ஒரு புதிய ஏஜென்ட் கொடுத்த எக்செல் பட்டியலை மொத்தமாக ஏற்றினோம். வேகத்துக்காக இன்ஸர்ட்_ஆல். அது சேமிக்கும்போது நடக்க வேண்டிய எதையும் கூப்பிடாமல் நேரே டேட்டாபேஸுக்குள் தள்ளிவிடும். அன்று இரவு பத்து மணிக்குப் போன் அடித்தது. இந்த முறை கணக்குப்பிள்ளை இல்லை, தம்பி.

“அண்ணா, கொடுமுடிக்குப் பின்னாடி 9 வருது.”